ரங்கூன் மணி

நான் ஒரு கடிகாரத்தின் முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினேன். தெரிந்தே திருப்பினேன். பொறாமையால் திருப்பினேன். அதனால் என் நண்பன் ஹமீதால் தன் தாயை உயிரோடு பார்க்க முடியாமல் போயிற்று.

விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க மனமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குற்றத்தைச் சொல்லிவிட்டேன்.

ஏழு ஆண்டுகளாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஹமீதிடம் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. கோழைக்கு இதைவிட வசதியான ஆள் எங்கே கிடைப்பார்!

ஹமீதும் நானும் ரங்கூனில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். என் தந்தைக்கு அங்கே மரக்கடை. அவனுடைய தந்தை தையற்காரர். அவர் காலமான பிறகு, அவன் உம்மாவே தையல் மிஷினில் உட்கார்ந்து அவனை வளர்த்தார். எனக்கு நான்கு வயதிலேயே தாய் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடியது ஹமீதின் வீட்டுக்குத்தான். அவர் இரண்டு தட்டு வைப்பார். நானும் அவரை உம்மா என்றுதான் கூப்பிட்டேன். என் தந்தைக்கு அது தெரியும்; தெரியாதவர் போல இருந்துவிட்டார்.

கல்லூரிப் படிப்புக்காக இருவரும் ஒரே கப்பலில் சென்னைக்கு வந்தோம். இப்போது பர்மாவைத் தனி நாடாகவே பிரித்துவிட்டார்கள். அப்போது காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் நான்கு நாள் கப்பலில் சுருண்டு கிடந்து, வாந்தியெடுத்து வந்து இறங்கியவனுக்குச் சென்னை அந்நிய நாடுதான். எங்கள் பேச்சைக் கேட்டு விடுதியில் சிரித்தார்கள். அவர்கள் பேச்சு எங்களுக்குப் பாதி புரியவில்லை.

ஹமீதிடம் அவன் தந்தை விட்டுப்போன சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று இருந்தது. வெள்ளி மூடி, உள்ளே கறுப்பு எண்கள். அந்தக் கடிகாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ரங்கூனில் மணி, சென்னையைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். இங்கே நான்கு என்றால் அங்கே ஐந்து. கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் துறைமுகத்திலேயே முள்ளைத் திருப்பிச் சென்னை மணிக்கு வைத்துக்கொள்வார்கள். ஹமீது திருப்பவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் திருப்பவில்லை! யாராவது மணி கேட்டால் கடிகாரத்தை எடுப்பான், பார்ப்பான், மனத்துக்குள் ஒன்றைக் கழித்துவிட்டுச் சொல்வான். ஒருநாளும் தவறியதில்லை.

சொல்லிவிட்டு எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வரி சேர்த்துக்கொள்வான். "அஞ்சு. உம்மா இந்நேரம் மிஷினை மூடியிருப்பாங்க." "எட்டு. உம்மா படுத்திருப்பாங்கடா."

எனக்கு வயிறு எரியும்.

ஆம், அதுதான் சரியான வார்த்தை. கல்லூரியில் அவன் என்னைவிட நன்றாகப் படித்தான். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. விடுதியில் எல்லோருக்கும் அவனைப் பிடித்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து அவன் முகம் மலருமே... அதை என்னால் தாங்க முடியவில்லை. கடலுக்கு அப்பால் ஒருத்தி இந்த நேரத்தில் இதைச் செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு யார் இருந்தார்கள்? மாதத்துக்கு ஒருமுறை தந்தையின் கடிதம் வரும். கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் மூன்று வரி. நலம். நன்றாகப் படிக்கவும். ஹமீதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும்.

மூன்றாவது வரியைக் கவனித்தீர்களா?

கார்த்திகை மாதத்தில் ஹமீதுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் காதர் மாமா. எங்கள் ரங்கூன் தெருவில் குடைக்கடை வைத்திருப்பவர். தெற்கே உள்ள தம் ஊருக்குப் போகும் வழியில் சென்னையில் இறங்குவதாகவும், மயிலாப்பூரில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவதாகவும் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத்தான் தம் வேலையெல்லாம் முடித்து வீடு திரும்புவார்; நாலரைக்கு எழும்பூர் ரயிலுக்குப் புறப்பட்டுவிடுவார். அந்த அரைமணியில் ஹமீது வரவேண்டும். உன் உம்மா வாயால் சொல்லச் சொன்ன சேதி ஒன்று இருக்கிறது என்று முடித்திருந்தார்.

ஹமீது அந்தக் காகிதத்தை நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பெண் எழுதுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: பட்டணம் எப்படி இருக்கிறது? பாவம், இவன் என்ன பதில் எழுதுவான்? இரண்டு ஆண்டுகளில் நுங்கம்பாக்கத்து விடுதியையும் கல்லூரியையும் தவிர எதையும் பார்த்ததில்லை. கோடை விடுமுறையில் நான் ரங்கூனுக்குப் போய் வந்தேன்; கப்பல் செலவுக்கு வழியில்லாமல் அவன் விடுதியிலேயே கிடந்தான்.

"சபா, ஞாயித்துக்கிழமை காலைலயே கெளம்பிடலாம். ஊரெல்லாம் சுத்திப் பாத்துட்டு, நாலு மணிக்கு மயிலாப்பூர் போவோம். பாத்ததையெல்லாம் மாமாகிட்ட சொல்லி அனுப்பணும். அவர் ரங்கூன் திரும்பினதும் உம்மா ஒவ்வொண்ணா கேப்பாங்க" என்றான்.

சபாபதி என்ற என் பெயரை அவனும் அவன் உம்மாவும் மட்டும்தான் அப்படிச் சுருக்குவார்கள்.

மேகம் மூடிய காலை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை. மின்சார ரயிலில் மாம்பலம் போனோம். அந்த வண்டி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஹமீது தன் வெள்ளைச் சட்டையின் கையைத் தடவித் தடவிப் பார்த்தான். கரி விழவே இல்லை! "இதைச் சொல்லணும் உம்மாகிட்ட" என்றான்.

தியாகராய நகரில் அப்போது வீடுகளைவிடச் செங்கல் குவியல்கள்தான் அதிகம். முன்பு அங்கே பெரிய ஏரி இருந்தது என்று ஒரு கொத்தனார் எங்களுக்குச் சொன்னார். ஹமீது தரையைக் காலால் தட்டிப் பார்த்தான். "ஏரிக்குள்ள தெருப் போட்டிருக்காங்க! இதையும் சொல்லணும்." புதிதாக நட்ட மரக்கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முள்வேலி இருந்தது, அதையும் சொல்லவேண்டுமாம். ஒரு வீட்டு மாடியில் யாரோ பெண் வீணை பழகிக்கொண்டிருந்தாள். ஒரே வரியை விடாமல் தப்பாக வாசித்தாள். அதையும்!

நான் எண்ணிக்கொண்டு வந்தேன். சைதாப்பேட்டை போய்ச் சேருவதற்குள் அவன் ஒன்பது முறை "சொல்லணும்" என்றான். எனக்கும் அதே கண்கள்தான் இருந்தன. நானும் அதையெல்லாம்தான் பார்த்தேன். ஆனால் சொல்ல ஆளில்லாதவன் பார்ப்பது எதில் சேர்த்தி?

சைதாப்பேட்டைச் சந்தையில் ஒரு கொய்யாக்காரி இவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, எந்த ஊரு நீ? பேச்சு ஒரு தினுசா கீது?"

"ரங்கூன்."

"யம்மாடி! கப்பல்ல வந்தியா? அம்மா அங்கியா கீது? ஒன்ன வுட்டுட்டு எப்படித்தான் இருக்கோ!"

நாங்கள் வாங்கியதற்கு மேல் ஒரு பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். எனக்கு இல்லை. நானும் ரங்கூன்தான் என்று அவளிடம் சொல்ல வாய்வரை வந்தது! ஹமீது அதைப் பிட்டு, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தான். அவன் அப்படித்தான். அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அருகில் ஒரு காபி கிளப்பில் சாப்பிட்டோம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. ஹமீதின் கடிகாரத்தில் ஒன்று.

"இன்னும் எத்தனை நாளைக்குடா இந்த ரங்கூன் மணி? சென்னைக்கு மாத்தித் தொலையேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "இந்த ஊர் என்னைக்கு என் ஊர்னு தோணுதோ, அன்னைக்கு மாத்திக்கிறேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "இன்னைக்குக் கொஞ்சம் தோணுது" என்றான்.

இந்த வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன். பின்னால் அவற்றை அவனுக்கு எதிராகவே பயன்படுத்தினேன்.

அங்கிருந்து அடையாற்றுக்குப் பேசிக்கொண்டே நடந்தோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. கடலைக் கண்டதும் ஹமீதுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "இதே தண்ணிதானேடா அங்கயும்!" என்று சட்டையைக் கழற்றினான். தொப்பி, சட்டை, கடிகாரம் எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டு ஓடினான்.

"கடிகாரம் பத்திரம்டா!" என்று அலைக்குள் நின்று கத்தினான்.

என்னிடம் சொன்னான். என்னிடம்!

நான் மூடியைத் திறந்தேன். மூன்று மணி பத்து நிமிடம். அதாவது சென்னையில் இரண்டு பத்து. அங்கே உம்மா மத்தியானச் சாப்பாட்டை முடித்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருப்பார். அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் நினைத்துக்கொண்டிருப்பது இவனை. நாலு மணிக்கு ஒரு மனிதர் கடல் தாண்டி வந்து அவர் சொன்ன வார்த்தையை இவன் காதில் சொல்லப்போகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்...

விளையாட்டுக்குச் செய்தேன் என்று எழுதிவிடலாம். நீங்களும் நம்பக்கூடும். அது பொய். அவன் அந்த மனிதரைப் பார்க்கக்கூடாது என்றே நினைத்தேன். ஒருநாளாவது அவனுக்கு உம்மாவிடமிருந்து ஒன்றும் வராமல் போகட்டும். ஒரே ஒருநாள் என்னைப்போல இருந்து பார்க்கட்டும்! அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்த அளவே போதுமானதாக இருந்தது.

நகத்தால் அந்தச் சிறு திருகை வெளியே இழுத்தேன். முள்ளை ஒரு சுற்றுப் பின்னால் திருப்பினேன். இரண்டு பத்து. கடிகாரம் இப்போது சென்னை மணியைக் காட்டியது. ஆனால் ஹமீது அதிலும் ஒன்றைக் கழிப்பான். உண்மையில் நாலு ஆகும்போது மூன்று என்று நினைப்பான்.

மூடியை அழுத்தி மூடி, முன்பு கிடந்தபடியே சட்டைமேல் வைத்தேன். அந்த நிதானம்தான் இன்றும் எனக்கு ஆச்சரியம்.

அவன் கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டு கடிகாரத்தை வாங்கினான். கையில் எடுத்தால் இரண்டு சுற்றுச் சாவி கொடுப்பது அவன் பழக்கம், கொடுத்தான். பார்த்தான். "அட, ஒன்றரைதான் ஆகுது! நெறைய நேரம் இருக்கே" என்றான்.

"வேகமா நடந்தோமில்லையா" என்றேன்.

முதல் பொய் எவ்வளவு எளிதாக வந்தது!

பாலத்தில் அரைமணி நின்று மீன் பிடிப்பவர்களைப் பார்த்தோம். சாந்தோம் வழியாக மெதுவாக நடந்தோம். எந்தக் கடையில் சுவர்க் கடிகாரம் இருக்கும் என்று என் கண் முன்கூட்டியே தேடிற்று. இருந்தால் தெருவின் அடுத்த பக்கத்துக்கு அவனை இழுத்துப் போனேன். சூரியன் கண்ணில் படவே இல்லை. வானமும் என் பக்கம் என்று நினைத்தேன்.

மயிலாப்பூரை நெருங்கும்போது ஒரு பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஹமீது நின்றுவிட்டான்.

"அஸர் தொழுகை முடிஞ்சு வர்றாங்களா? அதுக்கு நாலு மணியாவது ஆகணுமே..."

"ஜனாஸாவா இருக்கும்டா" என்றேன்.

இறந்தவருக்கான தொழுகை அது. அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டது அவன் வீட்டில்தான். அவன் தந்தை இறந்தபோது. என் வாயிலிருந்து அது எப்படி வந்தது? எது என்னை அதைச் சொல்ல வைத்தது? எத்தனையோ இரவு இதை யோசித்திருக்கிறேன். ஹமீது தலை குனிந்து, யாரோ தெரியாத அந்த மனிதருக்காக மெதுவாக ஏதோ ஓதிவிட்டு நடந்தான்.

குளத்தங்கரையில் ஒரு ஜட்காக்காரன் வண்டியில் சாய்ந்தபடி கூப்பிட்டான். "மணி இன்னா நைனா?"

ஹமீது கடிகாரத்தைப் பார்த்தான். கழித்தான். "மூணு இருபது."

"மூணா? இன்னாபா சொல்ற! நாலு தாண்டியிருக்கும்னு நெனச்சிக்கினு கீறேன்..." வானத்தை அண்ணாந்து பார்த்தான். "மேகம் மூடிக்கினு கீது, ஒரு எழவும் தெரில."

ஹமீது என்னைப் பார்த்தான். என் கண்ணைத்தான் பார்த்தான். சொல்லியிருக்கலாம்! அந்த இடத்தில் சொல்லியிருந்தால் காதர் மாமா இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஓடினால் ஐந்து நிமிடம். "உன் கடிகாரம் தப்பாதுடா" என்றேன். அவன் சமாதானமடைந்து, குளத்துப் படியில் உட்கார்ந்து, மாமாவிடம் சொல்லவேண்டியவற்றை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். கரியில்லாத ரயில். ஏரிக்குள் தெரு. தப்பாக வாசிக்கும் வீணை. கொய்யாக்காரி...

பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடலாம் என்று எழுந்தான். அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது உண்மையில் ஐந்துக்குப் பத்து நிமிடம்.

நடுவயதுப் பெண்மணி ஒருவர் திறந்தார். எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! நீதான் ஹமீதா? இன்னா புள்ளப்பா நீ! நாலு மணிலேர்ந்து மனுசன் வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு. ரயில் போயிடும்னு இப்பத்தான் வண்டி ஏறினாரு."

"நாலு ஆகலையே..." என்றான் ஹமீது.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஹமீது அதைப் பார்த்தான். தன் கையிலிருந்ததைப் பார்த்தான். இரண்டும் ஒரே மணி காட்டின. அவன் கடிகாரம் இந்த ஊரில் எந்தக் கடிகாரத்தோடும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை; அவனும் பார்த்ததில்லை.

"சேதி ஏதாவது சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டான்.

"கேட்டேன் தம்பி. நேர்லதான் சொல்லணும்னு உன் தாய் சத்தியம் வாங்கிருக்காம். இந்த மூட்டைய மட்டும் குடுத்துட்டுப் போனாரு. உள்ள ரெண்டு சட்டை கீதாம். ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் கூட்டாளி சபாவுக்கு."

எனக்கு!

எழும்பூருக்கு ஜட்காவில் பறந்தோம். வழியெல்லாம் ஹமீது அந்தக் கடிகாரத்தைத் திறந்து திறந்து மூடினான். "எப்படிடா? எப்படி மாறிச்சு? நான் தொடவே இல்லையே..." திரும்பத் திரும்ப அதே கேள்வி.

முள்ளைத் திருப்பியதைவிடப் பெரிய பாவம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் குலுங்குகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னேன்: "கரையேறினதும் நீ சாவி குடுத்தியே... அப்ப திருகை இழுத்துட்டிருப்ப. மத்தியானம் வேற, இது என் ஊர்னு தோணுதுன்னு சொன்ன. உனக்கே தெரியாம மாத்திருப்ப."

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"நானாடா?" என்றான்.

அவன் நம்பிவிட்டான்.

ரயில் போய்விட்டிருந்தது. காலி பிளாட்பாரத்தில் அவன் மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றான். விரும்பியது நடந்துவிட்டது, அவனுக்கு உம்மாவிடமிருந்து வார்த்தை வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு விடுதியில் மூட்டையைப் பிரித்தான். ஒரே துணியில், ஒரே அளவில் இரண்டு சட்டைகள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோடையில் நான் ரங்கூன் போயிருந்தபோது உம்மா என்னை நிற்க வைத்துத் தோளிலிருந்து இடுப்புவரை நாடா பிடித்து அளந்தார். "அவனும் உன் ஒசரம்தானே வாப்பா? உன்னை அளந்தா அவனை அளந்த மாதிரி" என்றார். அளந்து முடித்ததும் நாடாவைச் சுருட்டாமல் என் தோளில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். அப்போது இருமினார். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

ஹமீது தன் சட்டையைப் போட்டுப் பார்த்தான். விடுதிச் சோற்றில் மெலிந்திருந்த அவனுக்கு அது தோளில் நிற்கவில்லை, தொளதொளவென்று தொங்கியது. என்னுடையது எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டுமே என் அளவுதான். கடல் கடந்து என் அளவில் சட்டை அனுப்பிய ஒரு தாய் எனக்கும் இருந்தாள்... நான் அதை எண்ணவே இல்லையே!

"உனக்கு நல்லா இருக்குடா" என்றான் ஹமீது. அதில் பொறாமை துளியும் இல்லை.

அன்றே மாமாவுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினான். பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. பெற்றவளின் சேதியைக் கேட்க நேரத்துக்கு வர முடியாதவனுக்கு என்ன பதில் என்று கோபத்தில் நாலு நாள் எழுதாமல் இருந்துவிட்டாராம். பிறகு மனம் கேட்காமல் எழுதியிருந்தார். உன் உம்மா மார்பு நோயில் படுத்துவிட்டார். காகிதத்தில் படித்தால் பயந்துவிடுவாய், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லவேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். உடனே கப்பல் ஏறு. செலவுக்கு நான் சொல்லி ஏற்பாடு செய்கிறேன்.

அந்த ஞாயிறு கழித்துச் செவ்வாய்க்கிழமை ஒரு கப்பல் போயிருந்தது. கடிதம் வந்த மூன்றாம் நாள்தான் அடுத்த கப்பல். உம்மா சந்தோஷப்படுவார் என்று ஹமீது சொன்னதால், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகம் வரை போய் அவனை ஏற்றிவிட்டேன். அவனும் தன்னுடையதைப் போட்டிருந்தான். கப்பல் நகர்ந்தபோது மேலே நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

அன்று மாலை விடுதிக்குத் தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். உம்மா அன்று காலையே போய்விட்டார்.

நான்கு நாள் அவன் கடலில் இருந்தான், தாய் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. நான்கு நாள் நான் இங்கே அந்தத் தந்தியோடு இருந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஹமீது ஒரே ஒரு கணக்குத்தான் சொன்னான். "செவ்வாய்க்கிழமைக் கப்பலைப் புடிச்சிருந்தா ஆறு நாள் கூட இருந்திருப்பேன்டா. ஆறு நாள்." பிறகு கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தான். "நீ வச்சுக்கோ. அது என் கையில இருக்க வேண்டாம்."

மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடிகாரம் இன்றும் என்னிடம் இருக்கிறது. நான் சென்னையிலேயே மரக்கடை வைத்துத் தங்கிவிட்டேன். ஹமீது சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாணவர்களை அவன் அடிப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அதற்கே பெயர் போனவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். "ஓடுதாடா?" என்று கேட்பான். "ஓடுது" என்பேன். கடிகாரத்தைத் தொடமாட்டான்.

சட்டையைப் பற்றிக் கேட்கிறீர்களா? பெட்டியின் அடியில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் பிறகு அதை நான் போடவில்லை. இப்போது போட்டாலும் பற்றாது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிவிட்டு முடித்துவிடுகிறேன். இத்தனை நாள் மூடிவைத்ததை இப்போது திறப்பதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் இருந்த கடிகாரத்தைக் குழந்தை எடுத்துவிட்டாள். எப்படியோ அந்தத் திருகை இழுத்துத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். ஹமீது பார்த்தான். பாய்ந்து போய் அவள் வலது கையில் ஓங்கி அடித்தான்!

"தொடாதே! உனக்கும் என் கைதானா?" என்று கத்தினான்.

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடத் தெரியாமல் நின்றாள். பிறகு அழுதாள். ஹமீதின் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என் மனைவியும் பின்னாலேயே போனாள். அறையில் அவனும் நானும்.

இப்போது சொல்லிவிடு... இப்போதாவது சொல்லிவிடு! நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்னை வெறுப்பான் என்ற பயம் மட்டுமா? இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவது நின்றுவிடும். உம்மாவை நினைத்துக்கொள்ள இந்த ஊரில் எனக்கும் வேறு யாரும் இல்லை. பாருங்கள், இப்போதும் என் கணக்கு எனக்குத்தான்.

ஹமீது கீழே கிடந்த கடிகாரத்தைக் காட்டினான். முள் எங்கேயோ போய் நின்றிருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ சரியா வைடா சபா. உன் கைதான் நம்பிக்கையான கை" என்றான்.

நான் குனிந்து எடுத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சென்னை மணிக்குச் சரியாக வைத்தேன்.